கண்டக்டர் இல்லாத பேருந்து

(மாதாந்திர இணைய இலக்கியச் சந்திப்பில் நேரலையாக ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். பேச்சின் இயல்பு கெடாமல் சற்றே சுருக்கப்பட்டுள்ளது.)

இங்கே மிலானில் மாலை நாலு மணி. சிங்கப்பூர் நண்பர்களுக்குத் தூங்கப் போகும் நேரம். கனடா நண்பர்களுக்குக் காலைக் காப்பி இன்னும் ஆறியிருக்காது. வந்ததற்கு நன்றி.

இந்த மேடையில் எனக்கு முன்னால் பேசியவர்கள் பெரிய படிப்புப் படித்தவர்கள். நான் டிப்ளமோ நர்ஸ். வீடு வீடாகப் போய்ப் புண்ணுக்குக் கட்டு மாற்றி, ஊசி போட்டுவிட்டு வருகிறவள். நடுநடுவே கதை எழுதுகிறேன். என்ன பேசப் போகிறீர்கள் என்று ஒருங்கிணைப்பாளர் கேட்டபோது, "பஸ்ஸைப் பத்திப் பேசுறேன்" என்றேன். ஒரு நொடி அமைதி. பிறகு, "பேசுங்க சிஸ்டர்" என்றார்.

காரணத்தோடுதான் சொன்னேன். இத்தாலிக்கு வந்து பதினைந்து ஆண்டுகள் ஆகின்றன. இன்றுவரை எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. இந்த நாட்டைப் பற்றி எனக்குத் தெரிந்தது முழுக்க பஸ், டிராம், ரயில், படகு வழியாகத் தெரிந்துகொண்டதுதான். நான் எழுதிய கதைகளில் பாதி ஜன்னலோர இருக்கையில் யோசித்தவை. அந்த இருக்கையில் உட்கார்ந்து நான் செய்த ஒரு தவறையும் இன்று சொல்லியாக வேண்டும். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் ஊரிலிருந்து தொடங்குகிறேன். நான் குமரி மாவட்டத்துக் கடலோரக் கிராமத்துப் பெண். நர்சிங் படிக்கும்போது தினமும் நாகர்கோவிலுக்கு பஸ். கூட்டம் எவ்வளவு இருந்தாலும் கண்டக்டர் நம்மிடம் வந்துவிடுவார். தோள் பை, விரல் இடுக்கில் டிக்கெட் கட்டு, வாயில் விசில். சில்லறை இல்லையென்றால் மீதியை டிக்கெட்டின் பின்பக்கம் எழுதிக் கொடுப்பார். இறங்கும் அவசரத்தில் நாம் அதை மறந்தும் போவோம். அவர் திட்டுவார், கர்ப்பிணிக்கு இடம் கேட்டுக் கொடுப்பார், இறங்க வேண்டிய இடம் வந்தால் பெயர் சொல்லிக் கூவுவார். பஸ்ஸில் ஏறுவது மட்டும்தான் நம் வேலை. மிச்சத்தை ஒரு மனிதர் பார்த்துக்கொள்வார்.

இந்தப் பழக்கத்தோடு நான் இத்தாலியில் இறங்கினேன். முதலில் வந்த ஊரின் பெயர் வேண்டாம். என் டிப்ளமோவை இந்த நாட்டின் சுகாதார அமைச்சகம் அங்கீகரிக்க வேண்டும், அதன் பிறகு செவிலியர் பதிவுக்கு மொழித் தேர்வு எழுத வேண்டும். அதுவரை வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளும் வீட்டு வேலை. அதற்கு இங்கே 'பதாந்தே' என்று பெயர்.

வந்து இருபது நாள்கூட ஆகவில்லை. பஸ் டிக்கெட்டை எங்கே வாங்க வேண்டும் என்று வீட்டுக்காரம்மா சொல்லித் தந்திருந்தார். வாசலில் பெரிய 'டி' எழுத்துப் பலகை தொங்கும் கடை, பெயர் 'தபாக்கி'. நம்மூர்ப் பெட்டிக்கடைபோல சிகரெட், தபால் தலை, பஸ் டிக்கெட் எல்லாம் அங்கே கிடைக்கும். ஒரு டிக்கெட் வாங்கினேன். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். டிக்கெட்டைக் கையிலேயே பிடித்திருந்தேன், யாராவது வந்து கேட்டால் காட்டலாம் என்று. யாரும் வரவில்லை. நல்ல ஊர், நம்பிக்கையுள்ள ஜனங்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

நாலாவது நிறுத்தத்தில் இரண்டு பேர் ஏறினார்கள். டிக்கெட் கேட்டார்கள். பெருமையாக நீட்டினேன். வாங்கிப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார், தலையை ஆட்டினார். அவர் சொன்னது ஒன்றும் எனக்குப் புரியவில்லை. ஓட்டுநருக்குப் பின்னால் கம்பியில் பொருத்தியிருந்த ஒரு சின்னப் பெட்டியைக் காட்டினார். அபராதம் ஐம்பது யூரோவும் சில்லறையும். என் இரண்டு நாள் சம்பளம். பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். டிக்கெட் வாங்கியும் திருடியான மாதிரி இருந்தது.

இதில் என்ன தப்பு என்று பிறகுதான் புரிந்தது. இங்கே கடையில் வாங்கும் காகித டிக்கெட்டில் தேதியும் இருக்காது, நேரமும் இருக்காது. பஸ்ஸில் ஏறியதும் அந்தப் பெட்டிக்குள் சொருகினால்தான் தேதியும் மணியும் அச்சாகும். அப்போதிலிருந்துதான் நிமிடக் கணக்குத் தொடங்கும். அச்சு விழாத டிக்கெட்டை இன்றும் காட்டலாம், அடுத்த மாதமும் காட்டலாம் அல்லவா? அதனால் அச்சு விழாத டிக்கெட் இருந்தாலும் இல்லாததற்குச் சமம். காகித டிக்கெட்டோடு உள்ளூர் ரயிலில் போனாலும் இதே கதைதான். நடைமேடையில் இருக்கும் பெட்டியில் முத்திரை போட்டுவிட்டுத்தான் ஏற வேண்டும். இத்தாலிக்குச் சுற்றுலா வரப்போகிறவர்கள் என் பேச்சில் வேறெதையும் நினைவில் வைக்காவிட்டாலும் பரவாயில்லை, இதை நினைவில் வையுங்கள்.

இரண்டு மாதத்தில் ரோமுக்கு மாறினேன். அங்கே ஒரு பாட்டியைப் பார்த்துக்கொண்டேன். வீட்டோடு தங்கும் வேலையில் வியாழக்கிழமை மதியமும் ஞாயிற்றுக்கிழமையும்தான் நமக்குச் சொந்தம். அப்போது டிக்கெட் ஒரு யூரோ, 75 நிமிடம் செல்லும். 2012இல் அது ஒன்றரை யூரோவும் 100 நிமிடமும் ஆனது. எல்லோரும் விலையேற்றம் என்று புலம்பினார்கள். எனக்கு அந்த 25 நிமிடம் பெரிய வரமாகத் தெரிந்தது. நேரத்துக்குள் எத்தனை பஸ் வேண்டுமானாலும் மாறலாம். மெட்ரோவுக்குள் மட்டும் ஒருமுறைதான் நுழையலாம். வியாழக்கிழமைகளில் ஒரு டிக்கெட்டை முத்திரை குத்திவிட்டு, நேரம் முடியும்வரை எங்கே போகிறது என்று பார்க்காமல் ஏறி இறங்குவேன். ரோமை நான் படித்தது அப்படித்தான்.

இவ்வளவு பெரிய நகரத்தில் மெட்ரோ தடங்கள் மூன்றே மூன்றுதான் என்றால் நம்புவீர்களா? முதல் தடம் 1955இல் வந்தது, அடுத்தது 1980இல், மூன்றாவது 2014இல். எங்கே தோண்டினாலும் பழைய ரோம் வந்து நிற்கும். உடனே வேலை நின்றுவிடும், தொல்லியல் அறிஞர்கள் வருவார்கள். மூன்றாவது தடத்துக்காகத் தோண்டியபோது ஒரு படைமுகாமே கிடைத்தது. 2018இல் திறந்த சான் ஜொவான்னி நிலையத்தில் மண்ணுக்குள்ளிருந்து எடுத்தவற்றைக் கண்ணாடிப் பெட்டிகளில் வைத்திருக்கிறார்கள். படியில் இறங்க இறங்கக் காலமும் பின்னால் போகிறது. எங்கள் பாட்டிக்கு இந்தத் தாமதத்தில் கோபமே இல்லை. "செத்தவங்களும் இந்த ஊர்க்காரங்கதானே, அவங்களைக் கேக்காம எப்படித் தோண்ட முடியும்?" என்பார்.

விடுமுறை கிடைத்தபோது மற்ற நகரங்களுக்கும் போனேன். ஒவ்வொரு ஊரும் தன் உடம்புக்கு ஏற்றபடி வண்டி வைத்திருக்கிறது. வெனிஸில் பஸ்ஸே படகுதான். பெயர் 'வபொரெத்தோ'. வெளியூர்க்காரருக்கு 75 நிமிடத்துக்கு ஒன்பதரை யூரோ. உள்ளூர்க்காரர்கள் வைத்திருக்கும் அட்டைக்கு அதில் ஒரு சின்னப் பங்குதான். எனக்கு அங்கே பிடித்த நிறுத்தத்தின் பெயர் 'ஒஸ்பெதாலே', அதாவது ஆஸ்பத்திரி. ஆம்புலன்சும் படகுதான். தண்ணீரிலிருந்து நேராக ஆஸ்பத்திரிக்குள் போகும். சுற்றுலாப் பயணிகள் எல்லோரும் அரண்மனைகளைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் ஸ்ட்ரெச்சரை அலையில் ஆடாமல் எப்படி இறக்குகிறார்கள் என்று அரை மணி நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். தொழில் புத்தி எங்கே போகும்?

ஜெனோவா மலைச்சரிவில் தொங்கும் துறைமுக நகரம். அங்கே லிஃப்டும் பொதுப் போக்குவரத்துதான். கீழ் வீதியில் நுழைந்தால் மேல் வீதியில் கொண்டுபோய் விடும். காஸ்தெல்லெத்தோ என்ற மேட்டுக்குப் போகும் லிஃப்ட் 1909இல் கட்டியது. அந்த லிஃப்டைப் பற்றி ஜோர்ஜோ கப்ரோனி என்ற கவிஞர் ஒரு கவிதை எழுதியிருக்கிறார். அதைத் தேடிப் படித்துவிட்டுத்தான் அங்கே போனேன். எனக்கு முன்னால் காய்கறிப் பையோடு ஒரு பாட்டி நின்றிருந்தார். லிஃப்ட் இல்லையென்றால் அந்த வயதில் அவர் கீழே இறங்கவே மாட்டார். நகரத்தில் யார் நடமாடுகிறார்கள் என்பதைப் போக்குவரத்துதான் முடிவு செய்கிறது. நடமாட முடியாதவர்கள் நம் கண்ணில் படுவதில்லை. அவர்களைத் தேடி என்னைப் போன்றவர்கள் வீட்டுக்குப் போகிறோம்.

பிறகு பதிவு கிடைத்தது, மிலானுக்கு வந்தேன், வீட்டுக்குப் போய்ப் பார்க்கும் நர்ஸ் ஆனேன். ஒரு நாளைக்கு ஏழு வீடு, எட்டு வீடு. முதல் வீட்டில் காலைச் சாப்பாட்டுக்கு முன் இன்சுலின். அதனால் விடியுமுன்பே கிளம்ப வேண்டும். அந்த நேரத்துக்கு எங்களைச் சுமப்பது 90, 91 என்ற இரண்டு மின்கம்பிப் பேருந்துகள். தலைக்கு மேல் இரண்டு கம்பியைப் பிடித்துக்கொண்டு, நகரத்தைச் சுற்றி வட்டமாக, இரவு முழுவதும் ஓடும். ஒன்று ஒரு பக்கமாக, மற்றது எதிர்ப்பக்கமாக. அந்த நேரத்தில் அதில் இருப்பவர்கள் அலுவலகம் கூட்டுகிறவர்கள், ரொட்டி சுடுகிறவர்கள், ஆஸ்பத்திரி ஆட்கள். பெரும்பாலும் என்னைப் போல வெளியிலிருந்து வந்தவர்கள். இந்த நகரம் கண் விழிக்கும்போது எல்லாம் தயாராக இருக்கிறதே, அதைத் தயார் செய்கிறவர்கள் அந்த வண்டியில்தான் தூங்கி வழிகிறார்கள்.

இந்த வேலையில் எங்களுக்குப் பெரிய சோதனை 'ஷோப்பெரோ', வேலைநிறுத்தம். பெரும்பாலும் வெள்ளிக்கிழமைதான் வரும். ஆனால் திடீரென்று வராது. 1990இல் வந்த 146ஆம் எண் சட்டப்படி முன்கூட்டியே அறிவிக்க வேண்டும், சில மணி நேரம் வண்டி கட்டாயம் ஓட வேண்டும். மிலானில் வழக்கமாகக் காலை 8.45 வரை ஓடும், பிறகு மதியம் 3 முதல் 6 வரை ஓடும். என் நோயாளிகளின் பட்டியலை அந்த நேரத்துக்கு ஏற்ப மாற்றிப் போடுவேன். ஊசி உள்ளவர்கள் காலைக்குள், கட்டு மாற்றுவது மதியத்துக்கு, நடக்கும் தூரத்தில் இருப்பவர்கள் நடுவில். எங்கள் ஆஸ்பத்திரிப் பணிக்கும் அதே சட்டம்தான். அதனால் ஓட்டுநர்கள்மேல் எனக்குக் கோபம் வருவதில்லை. கால் மட்டும் வலிக்கும்.

அந்தப் பட்டியலில் வாரம் மூன்று முறை ஒரு பெரியவர் இருந்தார். எண்பதைத் தாண்டியவர். சர்க்கரை நோயில் ஒரு பாதம் போய்விட்டது, மற்றதில் புண். வாழ்நாள் முழுக்க டிராமில் வேலை பார்த்தவர். மிலானில் 1928ஆம் ஆண்டு மாதிரி டிராம்கள் இன்றும் ஓடுகின்றன. ஊர்க்காரர்கள் அதை 'இருபத்தெட்டு' என்றே கூப்பிடுவார்கள். ஐந்நூறுக்கு மேல் கட்டினார்கள், நூறுக்கும் மேல் இன்னும் ஓடுகின்றன. உள்ளே பக்கவாட்டில் நீளமான மர இருக்கை, கண்ணாடி விளக்கு. பார்க்க அவ்வளவு அழகு. ஏறுவதற்கு மட்டும் உயரமான படி. ஆயுள் முழுக்க அந்த வண்டியோடு வாழ்ந்த மனிதரால் இப்போது அதில் ஏற முடியாது. ஜன்னலோரம் உட்கார்ந்து, தெருமுனையில் திரும்பும் சத்தத்தை வைத்தே அது பழைய வண்டியா புதியதா என்று சொல்வார்.

நான் கட்டு மாற்றும்போது அவர் கதை சொல்வார். அவர் மிலான்காரர் இல்லை. 1960களில் தெற்கே பூல்யாவிலிருந்து வேலை தேடி வந்தவர். அப்போது வடக்கு நகரங்களில் தெற்கத்தியாருக்கு வீடு வாடகைக்கு இல்லை என்று அறிவிப்பு வைப்பார்களாம். ஆரம்பத்தில் அவருக்கு ஓட்டுநர் வேலை இல்லை, கண்டக்டர் வேலை. ஆமாம், இங்கேயும் கண்டக்டர் இருந்திருக்கிறார்கள்! வண்டியின் பின்பக்கத்தில் உட்கார்ந்து டிக்கெட் கொடுத்திருக்கிறார்கள். பிறகு அவர்களை எடுத்துவிட்டு அந்த முத்திரைப் பெட்டியை வைத்தார்கள். எனக்கு ஐம்பது யூரோ செலவு வைத்த பெட்டி ஒரு மனிதரின் இருக்கையில் வந்து உட்கார்ந்தது என்று அன்றுதான் தெரிந்தது.

இப்போது நான் சொல்ல வேண்டியதற்கு வருகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலை. பன்னிரண்டு மணி நேரம் வேலை முடிந்து பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன். ஒரு பையன் ஏறினான். இருபது வயது இருக்கும். புதிய ஜாக்கெட், அதன் மடிப்புக்கூட இன்னும் போகவில்லை. போனில் பேசிக்கொண்டே வந்தான். யாழ்ப்பாணத் தமிழ். "ஓம் அம்மா, ரிக்கற் எடுத்திட்டன், பயப்பிடாதேங்கோ" என்றான். டிக்கெட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான், திரும்ப எடுத்துப் பார்த்தான், திரும்ப வைத்தான். அவன் முத்திரை போடவில்லை. பெட்டி அவன் தோளுக்குப் பக்கத்தில்தான் இருந்தது.

நான் பார்த்தேன். எனக்குத் தெரியும். "தம்பி, அதுல குத்துங்க" என்று ஒரு வார்த்தை போதும். அவன் எனக்கு மூன்று இருக்கை தள்ளி நின்றான். நான் சொல்லவில்லை. களைப்பு என்று சொல்லிக்கொள்ளலாம். பொய். உண்மை என்னவென்றால், அந்தப் பஸ்ஸில் இருந்த மற்றவர்கள் முன்னால் தமிழில் வாய் திறந்து, அவனுக்கு உறவாகிவிட எனக்கு அன்று விருப்பமில்லை. எத்தனையோ ஆண்டு கழித்து அப்போதுதான் யாரும் என்னைத் திரும்பிப் பார்க்காமல் இருந்தார்கள். அதை விட மனமில்லை.

இரண்டு நிறுத்தம் கழித்துப் பரிசோதகர்கள் ஏறினார்கள். பையன் டிக்கெட்டை நீட்டினான், பெருமையாக. அவர்கள் தங்கள் வேலையைச் செய்தார்கள். அவன் தெரிந்த ஆங்கிலத்தில் வாங்கினேன், வாங்கினேன் என்று டிக்கெட்டைத் தூக்கித் தூக்கிக் காட்டினான். அப்போதாவது எழுந்துபோய் இத்தாலியனில் அவனுக்காகப் பேசியிருக்கலாம். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். என் நிறுத்தம் வருவதற்கு முன்பே இறங்கிவிட்டேன். நல்ல சமாரியர் உவமையைச் சின்ன வயதிலிருந்து கோயிலில் கேட்டு வளர்ந்தவள் நான். அன்று நான் ஒதுங்கிப் போன லேவியர்.

மறுநாள் அந்தப் பெரியவரிடம் சொன்னேன். ஏன் அவரிடம் சொன்னேன் என்று தெரியவில்லை. அவர் ஆறுதல் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "கண்டக்டருடைய வேலை காசு வாங்குறது இல்லை. ஏறுறவன் முகத்தைப் பாக்குறது. அட்டைப்பெட்டியில துணி கட்டிக்கிட்டு ஏறுனா அவன் நம்ம ஊர்ப் பக்கத்து ஆள்னு எனக்குத் தெரிஞ்சுடும். எங்க இறங்கணும்னு அவன் கேக்குறதுக்கு முன்னாடி நானே சொல்லிடுவேன். வெட்கப்பட்டுக்கிட்டு நிப்பான் பாரு, அதுக்கு முன்னாடி" என்றார். அவ்வளவுதான். பிறகு, "பிளாஸ்டரை இறுக்கிட்ட" என்றார்.

உங்களில் பலர் 'பைசிக்கிள் தீவ்ஸ்' பார்த்திருப்பீர்கள். வித்தோரியோ தெ சீகா 1948இல் எடுத்த படம். சைக்கிளைப் பற்றிய படம் என்றுதான் எல்லோரும் பேசுகிறோம். எனக்கு அதில் ஒரு டிராம்தான் முக்கியம். கடைசியில் அப்பா சைக்கிள் திருட முடிவு செய்கிறார். மகன் பார்க்கக் கூடாது என்று அவனிடம் காசு கொடுத்து டிராமில் ஏறிப் போகச் சொல்கிறார். அவன் டிராமைத் தவறவிடுகிறான். தவறவிட்டதால்தான் அப்பா பிடிபடுவதையும் ஊரே அவரைச் சூழ்ந்து அடிப்பதையும் பார்க்கிறான். அவன் ஓடிப்போக முடியும். போகவில்லை. கூட்டத்துக்குள் நுழைந்து அப்பாவிடம் போகிறான். சைக்கிள்காரர் அந்தப் பையனைப் பார்த்த பிறகுதான் அப்பாவை விட்டுவிடச் சொல்கிறார். கடைசியில் மகன் அப்பாவின் கையைப் பிடித்துக்கொள்கிறான். அன்று பஸ்ஸில் எனக்கு நாற்பது வயது. அந்தப் பிள்ளை செய்ததை என்னால் செய்ய முடியவில்லை.

அந்த யாழ்ப்பாணத்துத் தம்பியைத் திரும்பப் பார்க்கவில்லை. இந்தப் பேச்சைக் கேட்கிறானோ என்னவோ தெரியாது. கேட்டால், தம்பி, மன்னித்துக்கொள்ளுங்கள். அன்று உங்கள் பின்னால் உட்கார்ந்திருந்த அக்கா நான்தான்.

இப்போது மெட்ரோ வாசலில் வங்கி அட்டையைத் தொட்டால் போதும். மிலானில் 2018இலேயே வந்துவிட்டது. வேலை சுலபமாகிவிட்டது, வங்கிக் கணக்கு உள்ளவர்களுக்கு. நேற்று வந்து இறங்கியவர் கையில் இன்னும் காகிதம்தான். அதனால் நான் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். பஸ்ஸில் ஏறுகிறவர்களின் கையைப் பார்ப்பேன். டிக்கெட்டைப் பிடித்துக்கொண்டு திகைத்து நின்றால் எழுந்துபோய்ப் பெட்டியைக் காட்டுவேன். தமிழர் என்றால் தமிழில், மற்றவர்களுக்குக் கையால். ஒரு சிலர் இவளுக்கு என்ன வந்தது என்று முறைப்பார்கள். ஒருமுறை ஒரு செனகல் அம்மா மாதச் சீட்டை எடுத்து என் முகத்துக்கு நேரே நீட்டினார். பெரிய சிரிப்பாகிவிட்டது. பரவாயில்லை.

எழுதுகிறவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். புலம்பெயர் எழுத்து என்றால் விட்டுவந்த ஊரைப் பற்றி எழுதுவது என்று ஒரு பழக்கம் நமக்கு இருக்கிறது. நானும் அப்படித்தான் தொடங்கினேன். இப்போது, வந்து சேர்ந்த ஊரில் அடுத்து ஏறுகிறவருக்கு எங்கே முத்திரை போட வேண்டும் என்று சொல்லும் எழுத்தும் வேண்டும் என்று நினைக்கிறேன். நமக்கு யாரும் சொல்லவில்லை என்பது, நாமும் சொல்லாமல் இருக்கக் காரணம் ஆகாது.

அந்தப் பெரியவர் இப்போது இல்லை. அவர் கடைசியாக வெளியே போனது ஒரு தாழ்தள டிராமில். படி இல்லாத வண்டி. மகள் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு ஏற்றினார், நான் பக்கத்தில் நின்றேன். நாலு நிறுத்தம் போய்விட்டுத் திரும்பினோம். போகும்போது வெளியே ஒருமுறைகூடப் பார்க்கவில்லை அவர். ஏறுகிறவர்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நேரமாகிவிட்டது. ஒருங்கிணைப்பாளர் கைகாட்டுகிறார். எனக்கும் நாளைக்கு விடியுமுன் பஸ். கேள்வி இருந்தால் கேளுங்கள், எந்த ஊரில் எந்த வண்டி என்று கேட்டாலும் சொல்கிறேன்.